வெயிலுக்கு ஒரு வினைச்சொல்

டிசம்பர் 2, செவ்வாய்

டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நோயாளிக்கு முன்னால் சிரிக்கிற டாக்டரை நான் மறக்க மாட்டேன். எனக்கு வைட்டமின் டி இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லையாம். எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்களா என்று கேட்டார். வெளியே போனால் யார் யாரைப் பார்க்க நேரிடும் என்பது அவருக்குத் தெரியாது. மாத்திரை எழுதிவிட்டு, தினமும் காலையில் அரை மணி நேரம் வெயிலில் உட்காரச் சொன்னார். கொடைக்கானலில். டிசம்பரில்.

என் வீட்டுக்கு வெயில் வராது. பக்கத்து வீட்டுத் தைல மரங்கள் பாதியை மறைக்கும், மீதியை மூடுபனி எடுத்துக்கொள்ளும். கிளைகளையாவது வெட்டச் சொல்லி முன்பு கேட்டுப் பார்த்தேன். அன்றோடு அவரிடமும் பேச்சு நின்றது.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து அகராதி வேலையின் அடுத்த கட்டு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அருகிப்போன சொற்களுக்குத் தமிழில் பொருளும் மூலமும் எழுத வேண்டும். பாதிரியாராவதற்குப் படித்துவிட்டு ஆகாமல் வெளியே வந்தவன் நான். செமினாரியில் கற்ற லத்தீன் இதற்காவது உதவுகிறது. கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்ட வினைச்சொல்: ஆப்ரிகேட். வெயில் காய்வது என்று பொருள்.

டாக்டரும் பதிப்பகமும் பேசி வைத்துக்கொண்டதைப் போல இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

எழுதி அனுப்பினேன்:

"ஆப்ரிகேட் (வினை): வேலையற்று வெயிலில் உட்கார்ந்திரு. மூலம்: லத்தீன் அப்ரிக்காரி, அப்ரீக்குஸ் என்றால் வெயில் படும் இடம்."

புரோக்கர் கோவிந்தராஜ் போன் செய்தார். பழைய பார்சல் ஆபீஸ் சாலையில் எனக்கு இருக்கும் காலி மனையை ஒரு லாட்ஜ்காரர் வாங்கிக்கொள்கிறார். மூன்று மாடி எழுப்பப் போகிறாராம். முப்பது மாடி எழுப்பட்டும். மதுரையில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அதன் முக்கியமான வசதி அதுதான்.

முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் வாங்கினால் மனிதர்களோடு தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. ஜனவரி எட்டாம் தேதி பத்திரப் பதிவு. அன்றைக்கு எல்லாம் ஒரே கையெழுத்தில் முடியட்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில் தேடி ஊரைச் சுற்றினேன். காலை எட்டு மணிக்கு இந்தப் பகுதியில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மூடிக்கிடக்கும் பார்சல் ஆபீசின் முன்னால் உள்ள குட்டைச் சுவர். எதிரே என் காலி மனை. அதைத் தாண்டி வெறும் பள்ளத்தாக்கு. சூரியனுக்கு நடுவே தடை ஏதும் இல்லை.

சுவரில் மூன்று பேர். ஜீப் ஓட்டும் சம்சுதீன், காய்கறி விற்கும் பவுன்தாய், மேல்முனையில் கம்பளித் தொப்பியோடு பாக்கியநாதன்.

கல்லூரியில் நான் துறைத் தலைவராகியிருக்க வேண்டிய வருடத்தில் துறைத் தலைவரான பாக்கியநாதன். அவருக்குக் கீழே வேலை செய்ய மறுத்து நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். அவருக்கோ வயது வந்தபின் முறைப்படி ஓய்வு, மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ. அந்தப் போட்டோவைப் பேப்பரில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். அதுவரைக்கும் சந்தோஷம்.

அப்படியே திரும்பியிருப்பேன். டாக்டர் சொல்லைத் தட்டக் கூடாதே என்பதற்காக உட்கார்ந்தேன்.

டிசம்பர் 6, சனி

அந்தச் சுவருக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மேல்முனைக்குத்தான் முதலில் வெயில் வரும். அது மெல்ல இறங்கிக் குப்பைத் தொட்டிப் பக்கம் வந்து சேர்வதற்குள் டீ இரண்டு முறை வந்துவிடும். புதிதாக வருகிறவர் குப்பைத் தொட்டிப் பக்கம்தான் உட்கார வேண்டும். இங்கேயும் சீனியாரிட்டி. இங்கேயும் பாக்கியநாதன் முதலிடத்தில்.

இன்னொன்று. உட்கார்ந்தவுடன் பவுன்தாய் நம் மடியில் ஒரு துண்டை விரித்துப் பச்சைப் பட்டாணியைக் கொட்டிவிடுகிறாள். யாராக இருந்தாலும் உரிக்க வேண்டும். நான் எம்.ஏ., எம்.ஃபில். என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் உரிக்கத் தொடங்கியிருந்தேன். அதே படிப்பைப் படித்த பாக்கியநாதன் சொத்தைகளைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதிப்பகத்திலிருந்து மங்கையர்க்கரசி பேசினாள். சின்ன வயசு, கூர்மையான பெண்.

"சார், 'வேலையற்று'ங்கிறது லத்தீன்ல இருக்கா, இல்ல நீங்க சேர்த்ததா?"

நான் சேர்த்ததுதான். திருத்தி அனுப்புகிறேன் என்று சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அரிசி, சோப்பு, டார்ச் பேட்டரி. கெய்சர் மறுபடியும் ரிப்பேர். சுவரில் உட்கார்ந்தேன். அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக. பட்டாணி மீதமிருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

எனக்கும் பாக்கியநாதனுக்கும் இன்னும் பேச்சில்லை. அது நீடிக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இன்று நடந்தது அதில் சேராது. அகராதி வேலை என்ன ஆயிற்று என்று சம்சுதீன் கேட்டான். ஆப்ரிகேட் என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். நாம் இப்போது செய்துகொண்டிருக்கும் இதே காரியத்துக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு வினைச்சொல் இருந்தது, முந்நூறு வருடத்துக்கு முன் சில பேர் எழுதினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள் என்றேன். இங்கிலாந்தில் வெயில் கிடைக்காது, அதனால்தான் விட்டிருப்பார்கள் என்றான் சம்சுதீன். நல்ல ஊகம்.

உடனே பாக்கியநாதன், ஆப்ரிகாட் பழத்திலிருந்து வந்த சொல் அது என்று பவுன்தாயிடம் சொன்னார். அந்தப் பழம் வேறு வழியாக வந்தது, லத்தீனில் சீக்கிரம் பழுப்பது என்று பொருள்படும் சொல் கிரேக்கம், அரபு, போர்ச்சுகீஸ் என்று சுற்றிவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தது என்று நானும் பவுன்தாயிடம் சொன்னேன். முழுதாகப் படிக்காதவர்கள் இப்படித்தான் குழப்பிக்கொள்வார்கள் என்று அவர் பவுன்தாயிடம் சொன்னார். துறைத் தலைவர் பதவிக்கு லத்தீன் தேவைப்படாது என்று நான் பவுன்தாயிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் என்னையப் பாத்தே சண்ட போடுங்க. இதுல கொறஞ்சது பட்டாணிதான்" என்றாள் பவுன்தாய்.

பார்த்தால் இருவருமே கோபத்தில் நிறையத் தின்றிருந்தோம்.

டிசம்பர் 13, சனி

புத்தகங்களை இறக்கிப் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. ஆனால் பழைய ஆங்கில அகராதிக்காரர் ஒருவர், ஆப்ரிகாட் என்றால் வெயில் இடத்தில் பழுத்தது என்று நம்பி எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையால் பழத்தின் பெயரே வெயில் சொல்லின் பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதாவது பாக்கியநாதன் பாதி சரி.

இதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

இரண்டாம் வடிவம்: "ஆப்ரிகேட் (வினை): வெயில் காய்." மூலத்தோடு ஒரு குறிப்பும் சேர்த்தேன். திறத்தல் என்று பொருள்படும் அபெரீரே என்ற லத்தீன் வினையோடு அப்ரீக்குசுக்கு உறவு இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்; உறுதியில்லை. வெயிலுக்குத் திறந்து கிடக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மங்கை பதில் அனுப்பியிருந்தாள். மூலம் நன்றாக இருக்கிறதாம். பொருள்தான் இரண்டே சொல்லில் காய்ந்துபோய்க் கிடக்கிறதாம். ஒரு பயன்பாட்டு வாக்கியம் வேண்டும் என்கிறாள். இந்தச் சொல்லை யார் இனிப் பயன்படுத்தப் போகிறார்கள்?

சம்சுதீன் நாலு நாள் சுற்றுலாச் சவாரி போயிருக்கிறான். சுவரில் ஒரு இடம் மேலே நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் வந்ததும் கொடுத்துவிட வேண்டும். தெரியும்.

டிசம்பர் 19, வெள்ளி

கோவிந்தராஜ் என் மனையில் நெட்டையான மூங்கில் ஒன்றை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கட்டடம் எவ்வளவு உயரம் வரும், மேல்மாடியிலிருந்து பள்ளத்தாக்கு எப்படித் தெரியும் என்று வாங்குகிறவருக்குக் காட்டவாம். என்னிடம் கேட்கவில்லை.

மூங்கிலின் நிழல் சாலையைத் தாண்டிச் சுவரில் விழுகிறது. ஒரு முழ அகலம்கூட இல்லை. முதலில் பாக்கியநாதனின் மார்பில் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பவுன்தாயின் கூடைக்கு நகர்ந்தது. கடைசியாக என் முழங்காலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றது. ரோமானியர்கள் வெயில் காயும் மாடியையும் நிழல் கடிகாரத்தையும் சொலாரியம் என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உரித்த பட்டாணி ஒன்றை அதில் போட்டுக்கொண்டேன்.

மூங்கிலின் நிழல் ஒரு முழம். கட்டடத்தின் நிழல் சுவர் நீளத்துக்கும் வரும்.

யார் மனை அது என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லவேளை, தெரியவில்லை போலிருக்கிறது. மூங்கிலைப் பார்த்துச் சம்சுதீன் மட்டும், கொடியேத்திட்டாங்க, திருவிழா எப்பன்னு தெரியல என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியநாதன் என் பக்கம் பார்க்காமலே சிரித்தார்.

இன்று பட்டாணி சரியாக உரிக்க வரவில்லை. நகம் வலி.

டிசம்பர் 25, வியாழன்

காலைப் பூசை. பாக்கியநாதன் கேக் கொடுத்து அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தின்ற பிறகு.

டிசம்பர் 30, செவ்வாய்

பாக்கியநாதன் இரண்டு நாளாக வரவில்லை. மேல்முனை காலியாக இருக்கிறது. வெயில் அங்கே வந்து வீணாகக் கிடக்கிறது. நான் போய் உட்கார்ந்திருப்பேன். வந்து சேர்ந்த முதல் நாளிலிருந்தே நான் கண் வைத்திருந்த இடம்தான். பவுன்தாய் ஒரு பார்வை பார்த்தாள். அது சார் இடம் என்றாள். அதே சொற்களைக் கல்லூரி அலுவலகத்தில் ஒருவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மேசையைக் குத்தினேன். இன்றைக்குத் தலையாட்டிவிட்டேன். குளிராக இருந்தது.

நெஞ்சில் சளியாம். சம்சுதீன் சொன்னான். அவர் வீடு வடக்குச் சரிவில் இருக்கிறது. நவம்பரில் போகும் வெயில் மாசியில்தான் திரும்புமாம். ஜூலையில் மனைவி தவறிய பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இந்தச் சுவருக்கு மட்டும்தானாம்.

மனைவி இறந்தது எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாரோடும் நான் பேசாமல் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும் வழியில் மருந்துக்கடையில் ஆவி பிடிக்கும் மாத்திரை வாங்கினேன். எனக்கே தேவைப்படலாம். இரண்டு அட்டை வாங்கிவிட்டதால் ஒன்றைச் சம்சுதீனிடம் கொடுத்தேன், யாருக்காவது உதவுமென்று.

ஜனவரி 2, வெள்ளி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது. மாத்திரைக்கு நன்றி என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பவுன்தாய் பட்டாணியைக் கொட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாததால் நேராகவே பேச வேண்டியதாயிற்று. எதிர் மனையில் கட்டடம் வந்தால் இங்கே உட்கார முடியாதே என்று நான்தான் ஆரம்பித்தேன். ஏதோ ஊர் விஷயம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"நீ விக்கிறது எல்லாருக்கும் தெரியும்யா" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எப்போதிருந்து என்று கேட்டேன். நான் முதல் நாள் வந்து உட்கார்வதற்கு முன்பே புரோக்கர் டீக்கடையில் சொல்லிவிட்டாராம். அப்படியானால் ஒரு மாதமாக என் மடியில் பட்டாணி கொட்டியவர்கள், டீ வாங்கிக் கொடுத்தவர்கள், ஒரு இடம் மேலே நகர விட்டவர்கள் எல்லோரும் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

"உன் இடம், நீ விக்கிற. இத்தன வருஷம் வெயிலு உன் இடத்து வழியாத்தான வந்துச்சு. ஒரு நாளாவது எங்கள்ட்ட வாடகை கேட்டியா?"

சொல்லிவிட்டு இருமினார். இருமி முடித்ததும் என் துண்டில் கிடந்த ஒரு சொத்தைப் பட்டாணியை எடுத்து வெளியே போட்டார்.

பத்து வருடத்தில் இவர் மேல் எத்தனையோ விதமாகக் கோபப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு வந்த கோபம் எதிலும் சேரவில்லை. திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 5, திங்கள்

மதுரையில் பிளாட்காரர் போன் செய்தார். பால்கனி எந்தத் திசை என்று கேட்டேன். வடக்கு என்றார். வெயிலே அண்டாது சார், ஜில்லென்று இருக்கும் என்று அதைப் பெருமையாகச் சொன்னார்.

ஜனவரி 7, புதன்

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, ஆதார், போட்டோ எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. நாளைக் காலை பத்தரைக்கு டோக்கன். முடிவில் மாற்றம் இல்லை. ஒரு சொல்லுக்காகவும் ஒரு சுவருக்காகவும் படித்தவன் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டான்.

ஜனவரி 8, வியாழன்

பத்திரப் பதிவு நடக்கவில்லை. காரணம்: பட்டாணி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சீக்கிரமே கிளம்பிவிட்டேன். போகும் வழி பார்சல் ஆபீஸ் சாலைதான். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் நேரம் இருந்தது. டாக்டர் சொன்னது தினமும். வெள்ளைச் சட்டையையும் பையையும் எல்லோரும் பார்த்தார்கள். பாக்கியநாதன் சற்றுக் கீழே நகர்ந்து, மேல்முனையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். போகிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைக்கிறேன். முதல் வெயில் நேராக என் முகத்தில் விழுந்தது.

பவுன்தாய் சட்டை அழுக்காகிவிடும் என்று பெரிய துண்டாகப் பார்த்து விரித்தாள். வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டினாள். ஒரு லாட்ஜ் சமையலுக்கு மொத்தமாகக் கேட்டிருக்கிறார்களாம். எந்த லாட்ஜ் என்று நான் கேட்கவில்லை.

பாதியில் எழுந்தால் உரித்ததும் உரிக்காததும் கலந்துபோகும். கோவிந்தராஜ் போன் செய்தார். கை முழுக்கப் பச்சை. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். சம்சுதீன் போனைப் பார்த்து, "சார், டோக்கன் போயிரும்" என்றான். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன். அவன் என் துண்டைப் பார்த்தான். பவுன்தாய் இன்னொரு கை அள்ளிக் கொட்டினாள்.

"இந்தா இன்னாசி, இது என் பங்கு" என்று பாக்கியநாதன் தன் மடியில் இருந்ததையும் என் துண்டில் தள்ளினார்.

வெயில் குப்பைத் தொட்டியைத் தாண்டும்வரை உரித்தேன். அதற்குப் பிறகு டோக்கன் செல்லாது. நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். வேறு எதைப் பற்றியோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கெய்சரைப் பற்றி என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

கோவிந்தராஜ் வீட்டுக்கே வந்து கத்தினார். முன்பணம் வாங்காததால் அவரால் கத்த மட்டும்தான் முடிந்தது. லாட்ஜ்காரர் ஏரிப் பக்கம் வேறு மனை பார்க்கப் போய்விட்டாராம். போகும்போது, இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொன்னார். இதுவரை அந்த வாக்கியத்தைச் சொல்கிற இடத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். கேட்பதற்கு அவ்வளவு மோசமாக இல்லை.

மதுரைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வடக்கு பால்கனி என் உடம்புக்கு ஆகாது. டாக்டர் அறிவுரை.

ஜனவரி 10, சனி

மனை சும்மாதானே கிடக்கிறது, கொத்திப் பட்டாணி போடட்டுமா என்று பவுன்தாய் கேட்டாள். எவ்வளவு உயரம் வளரும் என்று கேட்டேன். இடுப்புக்கு மேலே போகாதாம். போடச் சொல்லிவிட்டேன். மூங்கிலைப் பிடுங்கிச் சம்சுதீன் ஜீப்பில் கட்டிக்கொண்டு போனான். சிவப்புத் துணி பாக்கியநாதன் கழுத்தில் இருக்கிறது. சளிக்கு நல்லதாம்.

ஆப்ரிகாட் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். பழைய அகராதிக்காரர் ஒருவரும் அவரைப் போலவே நினைத்தார், அதனால் அவர் பாதி சரி என்றேன். பாதி என்பதை அழுத்தித்தான் சொன்னேன். எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சமீபத்தில் என்றேன். முழுதும் சரி என்று அடுத்த வாரம் ஒப்புக்கொள்வான் பாரு என்று பவுன்தாயிடம் சொன்னார். மாட்டேன் என்று நானும் பவுன்தாயிடம் சொன்னேன்.

ஜனவரி 12, திங்கள்

மூன்றாம் வடிவம் அனுப்பினேன்:

"ஆப்ரிகேட் (வினை, அருகிய வழக்கு): குளிர்காலத்தில் வெயில் படும் இடத்தில் அமர்ந்து வெயில் காய், பெரும்பாலும் பிறருடன். லத்தீன் அப்ரிக்காரி, வெயில் காய்தல். அப்ரீக்குஸ், வெயிலுக்குத் திறந்த. பயன்பாடு: அவர்கள் காலை முழுதும் பார்சல் ஆபீஸ் சுவரில் ஆப்ரிகேட் செய்தார்கள்."

மங்கை உடனே போன் செய்தாள்.

"சார், 'பெரும்பாலும் பிறருடன்'ங்கிறது லத்தீன்ல இருக்கா?"

இல்லை, நான் சேர்த்தது என்றேன். அதை ஒரு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் சார் என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று வெயில் இல்லை. விடிந்ததிலிருந்து மூடுபனி. போய் உட்கார்ந்திருந்தேன்.